பலூனில் ஊசி ஏறும் இடம்

மேடையில் கை நடுங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று உங்களில் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. கடைசி ஷோ வரைக்கும் எனக்கு நடுங்கியது. சீட்டை எப்படி மறைப்பது, புறாவை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னைவிட நன்றாகவும் செய்கிறீர்கள். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. மேஜிக் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு ஒன்றையும், தப்பு என்று மற்றவர்கள் சொன்ன காரியம் ஒன்றையும் சொல்கிறேன். முதலாவதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். இரண்டாவதை இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து, கடைகளில் பலூன் மறுபடி தலைகாட்டத் தொடங்கிய சமயம். அதற்கு முன் சில வருஷம் ரப்பர் சாமான் என்றாலே அலைச்சல்தான்; சைக்கிள் டியூபுக்கே ஆளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போது நான் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தேன். கல்யாண வீடு, பள்ளிக்கூட ஆண்டு விழா, தியாகராய நகர்க் கிளப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். எனக்கு வேண்டிய சாமான்களைச் செய்து கொடுத்தவர் பஷீர் பாய். மயிலாப்பூரில் தையல் கடை வைத்திருந்தார். வீட்டில் உருது, கடையில் மெட்ராஸ் தமிழ். கோட்டுக்குள் எத்தனை ரகசியப் பை இருக்கிறது என்று எனக்கே மறந்துபோகும், அவருக்கு மறக்காது.

பலூன் ஐட்டத்தை நானும் அவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம். மெத்தை தைக்கிற நீள ஊசியை அரத்தில் ராவி, முனையை மயிரிழை போல ஆக்கித் தந்தார். அதை ஊதின பலூனில் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுக்க வேண்டும். பலூன் வெடிக்கக் கூடாது. ஒரு வாரம் அவர் கடையில் டப் டப்பென்று வெடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வளையல் கடைக்காரர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். கடைசியில் பிடி கிடைத்தது. அதற்கப்புறம் எந்த ஊரில் காட்டினாலும் ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். சத்தம் வராது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே என்னைக் கூப்பிட்டார்கள் என்றால் மிகையில்லை.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இப்போதும் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். ஒருவர் ஐட்டம் இன்னொருவருக்குப் பிடித்துவிட்டால் கைமாற்று. நீ ஒன்று சொல்லிக் கொடு, நான் ஒன்று சொல்லிக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு பேரும் கற்பூரம் ஏற்றி, வெளி ஆளுக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வோம். எதைத் தருகிறாய் என்று துருவித் துருவிக் கேட்போம். எதற்கு என்று கேட்கவே மாட்டோம். கேட்டால் மரியாதைக் குறைவாம்.

அப்படித்தான் ஒருவர் வந்தார். வெள்ளைக் கதர் ஜிப்பா, மூக்குக் கண்ணாடி, தேன் ஒழுகும் பேச்சு. அனாதைப் பிள்ளைகளுக்கு வித்தை காட்டிச் சந்தோஷப்படுத்துகிறேன் என்றார். கயிற்றில் மோதிரத்தை ஏற்றுகிற ஒரு அழகான ஐட்டம் வைத்திருந்தார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அரை நாளில் பலூன் வித்தையை முழுசாகச் சொல்லிக் கொடுத்து, பஷீர் பாய் செய்த ஊசிகளில் ஒன்றையும் கொடுத்து அனுப்பினேன். என் பெரிய தப்பு இதுதான்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் பஷீர் பாய் மூச்சு வாங்க என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் மாம்பலம் பக்கம் வந்ததே கிடையாது.

“இன்னா வேலை பண்ணி வச்சிக்கீற வாத்யாரே? நம்ம பலூன் ஐட்டத்தக் காட்டிக்கினு ஒர்த்தன் கோபாலபுரத்துல சாமி ஆயிட்டான். அது தெரியுமா உனக்கு?”

“யாரு பாய்?”

“அதான், உன்கிட்ட ஊசி வாங்கிக்கினு போனானே, அந்தக் கண்ணாடிக்காரன். வக்கீல் பங்களாவுல குந்திகினு வைத்தியம் பண்றான். ஊசி போச்சு, பலூனுக்கு ஒண்ணும் ஆவல, அதே மாரி உன் நோவு உன்ன உட்டுப் பூடும்ன்றான். அலமேலு மாமி பொண்ணு கீதே, ஜெயா, அத்த அங்க இட்டுகினு போறாங்க. நேத்துலேர்ந்து ஊசி போட்டுக்கல அந்தப் பொண்ணு.”

அலமேலு மாமி மயிலாப்பூரில் வீணை சொல்லிக் கொடுப்பவர். வீணைக்கு உறை தைத்துக்கொண்டு போன இடத்தில் பஷீர் பாய் இந்த விஷயத்தைக் கேட்டிருக்கிறார். மாமி வீட்டில் நான் இரண்டு நவராத்திரிக்கு வித்தை காட்டியிருக்கிறேன்; அது பலூன் ஐட்டத்துக்கு முந்தி. ஜெயாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பதின்மூன்று வயதிலிருந்து சர்க்கரை வியாதி. தினமும் அவளே கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்க வைத்து, ஈர மணல் சட்டியில் வைத்திருக்கும் இன்சுலினை எடுத்துத் தொடையில் போட்டுக்கொள்வாள். அவளுக்கு வந்த வகைக்கு அந்த மருந்து ஒன்றுதான் உயிர். சில நாள் சேர்ந்தாற்போல் நிறுத்தினால் ஆள் இருக்க மாட்டாள். டாக்டர் இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அன்றைக்கே மாமி வீட்டுக்குப் போனோம். நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெயா இரண்டு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது.

“மாமி, அது வித்தை. அந்த ஆளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்,” என்றேன்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆறு வருஷமா என் பொண்ணு தன்னைத்தானே குத்திக்கறதைப் பாத்துண்டிருக்கேன். ஒரு தாய்க்கு அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? அவர் முன்னாடி போய் நின்னா நேக்கு நெஞ்சுல பாரமே இல்லை. நீங்க தொழில் பொறாமையில பேசறேள்.”

“பொறாமை இல்ல மாமி. சத்தியமா அது வித்தைதான்.”

“வித்தைன்னா எப்படின்னு சொல்லுங்கோ. வெடிக்காம எப்படிப் போறது? சொல்லுங்கோ, கேக்கறேன்.”

நான் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், கற்பூரம் ஏற்றிச் செய்த சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது, மூடிக்கொண்டேன். “அதை மட்டும் கேக்காதீங்க,” என்று அசடு வழிந்தேன். எதிரில் ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள், நான் தொழில் தர்மம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மாமி உள்ளே போய்விட்டார். ஜெயா வாசல்வரை வந்தாள். “எனக்கும் அவர்மேல பெரிய நம்பிக்கையெல்லாம் இல்லை மாமா. ஆனா ஒரு நாலு நாளாவது குத்திக்காம இருந்து பாக்கணும்னு ஆசையா இருக்கு. நாளைக்குக் காத்தால அவர் கையில ஊசியையும் மருந்தையும் குடுத்துடறதா அம்மா வேண்டிண்டிருக்கா,” என்றாள்.

மறுநாள் காலை நானும் பஷீர் பாயும் கோபாலபுரம் பங்களாவுக்குப் போனோம். என் திட்டம் சின்னப்பிள்ளைத்தனமானது. நானும் அதே வித்தையைச் செய்துகாட்டினால் அவன் சாயம் வெளுத்துவிடும் என்று நம்பினேன். சட்டைப் பையில் பலூன்கள், கையில் ஊசி.

கூடம் நிறைய ஜனம். படித்தவர்கள்தான், ரிட்டயரான தாசில்தார்கூட இருந்தார். ஜெயாவை ஒரு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. ஐயா என்று எல்லோரும் அழைத்த அந்தக் கதர் ஜிப்பாவின் முன்னால் வெள்ளித் தட்டு. அதில் அவளுடைய கண்ணாடி ஊசியும் மருந்துப் புட்டியும். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சிரித்துச் சமாளித்தார்.

நான் யாரையும் கேட்கவில்லை. நடுவில் போய் நின்று பலூனை ஊதி முடிச்சுப் போட்டேன். “இவரு செய்யறதை நானும் செய்வேன், பாருங்க,” என்று ஊசியை ஏற்றி மறுபக்கம் எடுத்துக் காட்டினேன். பலூன் வெடிக்கவில்லை.

தாசில்தார் எழுந்து வந்து என் காலில் விழுந்தார்.

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒரு அம்மாள் விபூதி கேட்டு உள்ளங்கையை நீட்டினாள். நான் பதறிப்போய்ப் பின்னால் நகர, ஐயா கண்ணை மூடிக்கொண்டு கனிவாகச் சொன்னார்: “பார்த்தீர்களா? இந்த அன்பர் என்னிடம் வந்து போனவர். அந்தச் சக்தி இவர் கையிலும் இறங்கியிருக்கிறது.” கூடமே கைகூப்பியது. மாமியும்தான்.

பஷீர் பாய் என் காதில் சொன்னார்: “வாத்யாரே, இப்ப நீயும் சாமி ஆயிட்ட. இன்னா பண்ணப் போற?”

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். ஒரு வித்தையை வித்தையால் தோற்கடிக்க முடியாது. நீங்கள் எவ்வளவு சுத்தமாகச் செய்கிறீர்களோ அவ்வளவுக்கு அவன் பக்கம் பலம் சேரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலில் விழுந்த தாசில்தாரின் வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. மிச்சமிருந்தது ஒரே வழி. சத்தியம் போனால் போகிறது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. முந்தின நாளே அந்த நேரத்தைச் செலவழித்திருக்கலாம்.

“எழுந்திருங்க சார்,” என்று அவரைத் தூக்கிவிட்டேன். “எல்லாரும் கேளுங்க. இது சக்தியும் இல்ல, மந்திரமும் இல்ல. இந்தப் பலூனைக் கிட்ட வந்து பாருங்க. வயித்துப் பக்கம் பளபளன்னு மெல்லிசா இருக்கு. முடிச்சுக்குப் பக்கத்துலயும் நேர் எதிர் நுனியிலயும் கருப்பா, தடியா இருக்கு. ஊதும்போது அந்த ரெண்டு இடத்துலயும் ரப்பர் அதிகமா இழுபடறதில்ல. அங்கதான் ஊசி ஏறும். பலூனை முழுசா ஊதக் கூடாது. ஊசியில தேங்காய் எண்ணெய் தடவணும். அவசரப்படாம திருகித் திருகி ஏத்தணும். அவ்வளவுதான். எட்டு வயசுக் குழந்தையும் செய்யலாம்.”

கூடத்தில் சலசலப்பு. “அதெப்படி, ஓட்டை ஓட்டைதானே?” என்று யாரோ கேட்டார்.

பஷீர் பாய் தோளிலிருந்த துண்டை எடுத்தார். பல்லால் விளிம்பைக் கடித்து ஒரு சின்னக் கிழிசல் விட்டார். “நாங்க கடையில துணிய எப்டி சார் கிழிப்போம்? ஓரத்துல கத்திரியால ஒரு வெட்டு. அப்புறம் ரெண்டு கையால இழுப்போம்.” பிடித்து இழுத்தார், துண்டு சர்ரென்று இரண்டாகப் போனது. “அதே வெட்ட வச்சிகினு இழுக்காம தொளதொளன்னு உட்டா, அது பாட்டுக்கு அங்கியே கீது. பலூனும் அப்டித்தான். வயித்துல ரப்பர் நாலா பக்கமும் இழுத்துகினு கீது. அங்க பொட்டு ஓட்ட உயுந்தாலும் டர்ருனு கிழிஞ்சி ஓடும். நுனியில இழுப்பு கம்மி. ஓட்ட ஓடாது, ஊசியக் கவ்விக்கும்.”

இதைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. ஆனால் ஜனங்கள் ஐயாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. “உலக விளக்கம் வேறு, அருள் வேறு,” என்றார்.

நான் இன்னொரு பலூனை ஊதி ஜெயாவிடம் கொண்டுபோனேன். “அம்மா, இந்தக் கூடத்துல ஊசி பிடிக்கத் தெரிஞ்ச கை உன்னுதுதான். நீயே குத்திப் பாரு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். உடம்பு தள்ளாடியது, ஊசி விரலுக்கு வந்ததும் கை மட்டும் நின்றது. ஆறு வருஷப் பழக்கம். நுனியில் கருப்பான இடத்தை விரலால் தேடி, ஊசியைத் திருகி ஏற்றினாள். முடிச்சுப் பக்கம் முனை எட்டிப் பார்த்தது. முதல் தடவையிலேயே. நானும் பாயும் ஒரு வாரம் திண்டாடினோம்.

“இவள்மேலும் இறங்கிவிட்டது,” என்றார் ஐயா. விடாக்கண்டன்.

ஜெயா ஊசியை உருவினாள். என்னிடம் புதுசாக ஒரு பலூனை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். பலூனின் நடு வயிற்றில் விரலை வைத்தாள்.

“நீங்க இங்க குத்துங்கோ.”

“சக்தியைச் சோதிக்கக் கூடாது, அம்மா.”

“நுனியில இருக்கற சக்தி நடுவுல இருக்காதா?”

அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். அவள் தானே ஊசியை அந்த இடத்தில் வைத்தாள். டப்பென்று வெடித்ததில் ஐயா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ரப்பர்த் துணுக்குகள் அவர் ஜிப்பாவில் ஒட்டிக்கொண்டன.

ஜெயா குனிந்து வெள்ளித் தட்டிலிருந்து தன் கண்ணாடி ஊசியையும் மருந்தையும் எடுத்தாள். “யாராவது கொஞ்சம் வெந்நீர் போடுங்கோ,” என்றாள்.

யாரும் அசையவில்லை. தாசில்தார் தரையைப் பார்த்தார். வக்கீல் வீட்டம்மாள் தூணோடு தூணாக நின்றார். பஷீர் பாய் நகரப் போனார். அதற்குள் மாமி எழுந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. “சமையலறை எங்கே இருக்கு?” என்று அதட்டிக் கேட்டு, யாரும் சொல்வதற்குள் தானே கண்டுபிடித்து உள்ளே போனார். அந்தச் சாமியாரின் வைத்தியசாலை அடுப்பிலேயே ஊசி கொதித்தது. பத்து நிமிஷத்தில் மருந்து உள்ளே போனது. அங்கிருந்து ஜட்காவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனோம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்தாள். நரைக்கிற வயது வரைக்கும் வீணை சொல்லிக் கொடுத்துக்கொண்டு, தினமும் காலையில் தன்னைக் குத்திக்கொண்டு வாழ்ந்தாள்.

ஐயா அந்த வாரமே ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்த ஊரில் வேறு வித்தை காட்டியிருப்பார். அதை நான் தடுத்துவிட்டதாகப் பீற்றிக்கொள்ள மாட்டேன்.

பதினைந்து நாளில் நம் மேஜிக்காரர்கள் சங்கத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது. அறுபது பேருக்கு நடுவில் ஐட்டத்தை உடைத்துவிட்டேனாம். விசாரணை. தலைவர், செயலாளர் உட்பட எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எனக்குக் கைமாற்றுக் கொடுத்தவர்கள், வாங்கினவர்கள்.

“நாலு பேருக்கு ஒரு ரகசியம் தெரிஞ்சா அப்புறம் நாம என்னத்தக் காட்டிப் பிழைக்கறது?” என்றார் தலைவர்.

“அது தெரிஞ்சப்புறம் போன வாரம் ரெண்டு ஷோ பண்ணேன். எப்படின்னு சொல்லிட்டு, ஊசியை ஜனங்க கையிலயே குடுத்தேன். கைத்தட்டல் முன்னைவிட ஜாஸ்தி,” என்றேன்.

இது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம், இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவோம் என்றார். பேனாவும் காகிதமும் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்து நிதானமாக எழுதினேன். பலூனை முக்கால் அளவு ஊதவும், நுனியில் கருப்பான இடத்தைப் பார்க்கவும், எண்ணெய் தடவவும், திருகி ஏற்றவும், யார் செய்தாலும் வரும். இந்த வித்தையை யாராவது கேட்டால், எதற்கு என்று முதலில் கேட்கவும். கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

தலைவர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். “இதுல மன்னிப்பு எங்கய்யா இருக்கு?”

“அதை அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய், அவ அம்மா கேட்டப்போ வாயை மூடிக்கிட்டிருந்ததுக்காக, அவகிட்டயும் அவ அம்மாகிட்டயும் கேட்டாச்சு. உங்ககிட்ட கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.